உள்ளே உட்கார்ந்திருந்தவன்

ஆஷ்லி விட்ட மூன்றாவது குத்தில் ஷிஜோவின் முன்பல் ஒன்று தெறித்துப்போய் டிரம்மின் மேல் விழுந்தது. துரோகியின் பல்கூடத் தாளத்தோடுதான் விழுகிறது என்று ஆஷ்லிக்குத் தோன்றியது. அதற்கும் சேர்த்து நான்காவதாக ஒன்று விட்டான்.

ஜெகதளா போகும் வழியில், கேரட் மூட்டை அடுக்கிவந்த பழைய குடோன் அது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் சாக்கைத் தொங்கவிட்டு, 'கவாத்து' இசைக்குழு இரண்டு வருஷமாக அங்கேதான் கத்திக்கொண்டிருந்தது. ஆஷ்லி பாட்டு, ஷிஜோ கிடார், டெனின் டிரம்ஸ், ஆன்சி பேஸ் கிடார். பங்க் ராக் என்றால் என்னவென்று கேட்கும் ஊர்க்காரர்களிடம், கோபம் வந்தால் அடிப்பதற்குப் பதிலாகப் பாடுவது என்று டெனின் விளக்கம் சொல்வான். இன்று அதே டெனின் ஷிஜோவின் கைகளைப் பின்னாலிருந்து முறுக்கிப் பிடித்திருந்தான்.

நாளைக்கு அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் வெளிவந்திருக்க வேண்டும். பெங்களூர் கம்பெனி அதற்கு ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தது: அந்த நாள்வரை ஒரு பாட்டுகூட வெளியே போகக் கூடாது. செவ்வாய்க்கிழமை பார்த்தால், ஆல்பத்தின் முக்கியமான பாட்டு நீலகிரி முழுக்க வாட்ஸாப்பில் திரிந்துகொண்டிருந்தது. 'உள்ள ஒருத்தன் உக்காந்திருக்கான், தொரத்து, தொரத்து' என்று ஆஷ்லி மூன்று நிமிஷம் தொண்டை கிழியக் கத்தும் பாட்டு. குன்னூர் பஜாருக்குள் காட்டெருமை புகுந்த வீடியோவுக்கு எவனோ அதைப் பின்னணியாக ஒட்டிவிட்டிருந்தான். இன்று காலையில் கம்பெனிக்காரர் போன் செய்து, ஆல்பம் வேண்டாம் என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பாட்டின் மேல் ஆஷ்லிக்கு உயிர். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அம்மா தபித்தாள், முதல் ஆல்பத்தின் அட்டையைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. இதை மட்டும் போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் ஓடவிட்டபோது கதவோரம் நின்று முழுசாகக் கேட்டாள், கண்கூடக் கலங்கினாள். அன்றைக்கு அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பாட்டு இருந்தது இரண்டே பென் டிரைவில். ஒன்று ஆஷ்லியிடம், மற்றது ஷிஜோவிடம். ஷிஜோவைக் கோயமுத்தூர் குழு ஒன்று கூப்பிட்டிருந்தது. ஆல்பம் வந்ததும் போய்விடுவேன் என்று அவனே சொல்லியிருந்தான். போதாததற்கு, வாட்ஸாப்பில் வந்தது பாட்டை ஓடவிட்டுப் போனில் பிடித்த பதிவு. நடுவில் ஒரு வறட்டு இருமல் கேட்டது. குழுவில் சிகரெட் குடித்து இருமுகிறவன் ஷிஜோ ஒருவன்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"நான் அனுப்புலடா," என்றான் ஷிஜோ, வாயெல்லாம் ரத்தமாக. "அதுல என்ற வாசிப்பும்தான இருக்குது. என்ற அம்மா மேல சத்தியம்."

"அம்மாவ எதுக்குடா இதுல இழுக்கற?"

ஆஷ்லி டிரம்ஸின் சிம்பல் தட்டு மாட்டும் ஸ்டாண்டின் இரும்புக் குழாயைக் கழற்றினான். டெனின் ஷிஜோவின் இடது கையை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்து அழுத்தினான். குறுக்கே வந்து விழுந்த ஆன்சியை ஆஷ்லி தள்ளிய வேகத்தில் அவள் நெற்றி சுவரில் மோதியது. கிடார்க் கம்பியை அழுத்துவது இடது கை விரல்கள் என்பது ஆஷ்லிக்கு நன்றாகவே தெரியும். குழாயை ஓங்கி இறக்கினான். எலும்பு நொறுங்கிய சத்தத்தில் டெனின் பிடியை விட்டுவிட்டு மூலைக்குப் போய் வாந்தி எடுத்தான். ஆஷ்லி இரண்டாவது தடவையும் இறக்கினான்.

ஷிஜோவை ஆன்சிதான் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஆஷ்லி தேயிலைச் சரிவில் இறங்கி வீட்டுக்கு நடந்தான். மனசு குளிர்ந்துதான் இருந்தது, மறைப்பானேன். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் கண்ணில் படும்போது ஆன்சியின் போன் வந்தது. இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பட்டால்தான் புத்தி வரும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

வீட்டுக்குள் அம்மா முழங்காலில் இருந்தாள். அவன் வரும் சத்தம் கேட்டு ஆமென் சொல்லி எழுந்தவளுக்கு, ஃபேக்டரித் தூசி கொடுத்த அந்த வறட்டு இருமல் வந்துவிட்டது.

ஆஷ்லி வாசற்படியிலேயே நின்றுவிட்டான். செவ்வாய்க்கிழமையிலிருந்து நூறு தடவை கேட்ட இருமல் அது. ரத்தக் கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"அம்மா, என்ற பாட்ட யாருக்காச்சும் அனுப்புனியா?"

"நீ அப்படித் தொரத்து, தொரத்துன்னு கதறுனத என்னால தாங்க முடீல கண்ணு. அதான் போன்ல புடிச்சுச் சபை ஜெப குரூப்புல போட்டேன். திங்கக்கெழமையில இருந்து அத்தன பேரும் உனக்காக உபவாசம்."

தபித்தாள் மகனின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணுக்குள் உற்றுப் பார்த்தாள்.

"உள்ள உக்காந்திருந்தவன் போயிட்டானா?"