மிச்ச மருந்து

“போன தடவை எழுதிக் குடுத்த மருந்தை முழுசாக் குடுத்தீங்களாம்மா?”

“குடுத்தேன் டாக்டர்.”

வாய் முந்திக்கொண்டது. பொய் என்று மனம் சொல்வதற்குள் அது மேஜையைத் தாண்டிப் போய்விட்டது.

மடியில் மகள் அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தாள். நான்கு வயது. வலது காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கி, காதுமடல் முன்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. டாக்டர் விரலை அருகே கொண்டுபோனதற்கே வீறிட்டாள்.

“நடுக்காதுச் சீழ் பின்னாடி எலும்புக்குப் போயிருக்கு. அதுக்கு அந்தப் பக்கம் மூளை. முழு மருந்தும் குடுத்து இப்படின்னா, கிருமி அதுக்கு மசியலைன்னு அர்த்தம். இன்னிக்கே கீறிச் சீழை எடுக்க வேண்டியிருக்கும்.”



மருந்தை நிறுத்தியது பெற்றவளான அவள்தான். இரண்டு மூன்று வேளையிலேயே காய்ச்சல் விட்டது, காதுவலி போனது. ஆனால், ஊற்றும்போதெல்லாம் குழந்தைக்கு வயிற்றால் போயிற்று. குணமான பிறகு எதற்கு என்று பாட்டிலை ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சில நாள் கழித்து “மருந்து முடிஞ்சிருச்சு” என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

இப்போது சொல்லிவிடலாமா?

பக்கத்தில் கணவன். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டி ஓட்டியவன். அவனுக்கு அப்பால் அவனுடைய அக்கா. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குற்றம் தேடுகிற நாத்தனார். பால் கொஞ்சம் பொங்கினால்கூட, “ஆபீஸ் ஞாபகத்துல அடுப்படிக்கு வராதேம்மா” என்பாள்.

டாக்டர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

“ஒரு நிமிஷம் டாக்டர்.”

நாத்தனார் கைப்பையைத் திறந்தாள். அந்தப் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பாதிக்கு மேல் மருந்து இருந்தது.

எப்போது கண்டுபிடித்தாள்? எதற்காகக் கொண்டுவந்தாள்? தொலைந்தேன் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இவளுக்குத் தெரியாது டாக்டர். இவ வேலைக்குப் போயிடுவா, புள்ளையைப் பார்த்துக்கறது நான். காய்ச்சல்தான் விட்டுச்சேன்னு நான்தான் நிறுத்தினேன். முடிஞ்சிருச்சுன்னு இவகிட்டச் சொல்லிட்டேன்.”

டாக்டர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

“பெரியவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா? வலி போனா கிருமி போச்சுன்னு அர்த்தமா? நோஞ்சான் கிருமி செத்துது, முரட்டுக் கிருமி தப்பிச்சு இப்பத் திருப்பி அடிக்குது.” எழுதியதை அடித்தார். “இப்பவாவது சொன்னீங்களே. கீற வேண்டாம். முதல்ல ஊசியில மருந்தை ஏத்துவோம். வீக்கம் வடியுதான்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.”

வெளியே வந்ததும் கணவன் வெடித்தான்.

“ஒண்ணு பெத்திருந்தாத்தானேக்கா உனக்கு அருமை தெரியும்!”

நாத்தனார் கைப்பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள். அவன் மருந்துச் சீட்டோடு படியிறங்கிப் போனான்.

வார்டில், குழந்தையின் புறங்கையில் ஊசி ஏறியிருந்தது. அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவள் அந்த வீக்கத்தையே பார்த்தபடி நின்றாள். வடிகிறதா, இல்லையா?

“அண்ணி...” அழுதபடியே நாத்தனார் பக்கம் திரும்பினாள். “அவர்கிட்ட நான் உண்மையைச் சொல்லிடறேன்.”

“மூக்கைத் துடை முதல்ல. புள்ள மேல சிந்தப் போறே.” நாத்தனார் போர்வையை இழுத்துவிட்டாள். “சொல்லு, வேண்டாங்கலை. இவ எந்திரிச்சு உட்காரட்டும், அப்புறம் சொல்லு. மருந்து நின்னுபோச்சுங்கறது டாக்டருக்குத் தெரியணும், அதுக்குத்தான் வந்தேன். யார் நிறுத்தினதுன்னு தெரிஞ்சு அவர் எந்த ஊசியை மாத்திப் போடப் போறாரு?”