முதலாளி அறைக்கு வெளிச்சம்

புதுத் தலைமை அலுவலகத்தில் முதலாளி அறையின் வெளிச்சத்தை அன்று அவரே வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். மூன்று மாத உழைப்பு; ஆனால் அவரை அவள் நேரில் பார்த்ததே இல்லை. விளக்கு வடிவமைப்பாளர் உள்ளே போனாள். கோட்டும் சூட்டுமாக அவர் ஏற்கெனவே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டு எல்லா விளக்கையும் போட்டாள். “எப்படி இருக்கு சார்?”

“எதுக்கும்மா என் மூஞ்சியில அடிக்குது? கீழே இறக்குங்க.”

என்ன அடக்கம்! உருகிப்போய் ஏணியில் ஏறினாள்.

“ஆங்... கைப்பிடி மேல விழட்டும். முதுகுப் பக்கம் இருட்டா இருக்கே?”

மேஜைக்கு மேலிருந்த விளக்கை அங்கே திருப்பினாள்.

“சக்கரம் வரைக்கும் பளிச்சுன்னு தெரியணும்மா.”

சக்கரம்கூடவா! பெரிய மனுஷங்க கண்ணே தனிதான் என்று, சுவர் விளக்குகளையும் அவர் பக்கமே திருப்பினாள்.

கதவு திறந்தது. உள்ளே வந்தவரைக் கண்டதும் நாற்காலிக்காரர் துள்ளி எழுந்தார்.

“வணக்கம் முதலாளி! சாம்பிள் நாற்காலி ஒண்ணு கொண்டுவரச் சொன்னீங்களே, இதோ!”

நாற்காலி சிம்மாசனம் மாதிரி தகதகத்தது.

“அடேயப்பா! இதுலயே இருநூறு அனுப்பிடுங்க!”

பிறகு முதலாளி, ஏணி உச்சியில் சிலையாக நின்றவளை அண்ணாந்து பார்த்தார்.

“ஏம்மா, மத்த இடமெல்லாம் ஒரே இருட்டாக் கிடக்கே. நீங்க எப்பதான் வேலையை ஆரம்பிக்கப் போறீங்க?”