ஐந்து விரல்

கைதிகள் வரிசையில் முன்னால் நின்றவன் “பொம்பே” என்றான். உடனே இரண்டு சிப்பாய்கள் அவன் கைக்கட்டை அறுத்தெறிந்துவிட்டு, கூடாரத்துக்குப் பின்பக்கம் அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சற்று நேரத்தில் அங்கிருந்து பெரிய கத்தல் ஒன்று கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

சாகப்போகிறவனுக்குக் கயிறு எதற்கு, மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைத்தான் ஸ்தேனிஸ்.

அவனுடைய சாம்னிய மலைமொழியில் பொம்பே என்றால் ஐந்து. லத்தீனில் அதுவே குவின்குவே. விரலைக் காட்டி எண்ணச் சொல்கிறார்கள். வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும்.

எவன் எந்தப் பக்கம் என்று வேறு எப்படியும் கண்டுபிடிக்க முடியாதுதான். காலையில் மூடுபனிக்குள் நடந்த சண்டை. இரண்டு பக்கமும் ஒரே தலைக்கவசம், ஒரே கேடயம், ஒரே மாதிரி முகாம். இதுவரை ரோமின் நேச நாட்டாராக இருந்து இப்போது எதிர்த்துக் கிளம்பிய சாம்னியர் முதலானோர் முதல் வேலையாக, ரோமில் இருப்பது போலவே ஒரு செனட்டும், ஆட்சித் தலைவர்களாக இரண்டு கான்சல்களும் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் கலகம் செய்ததே ரோமக் குடியுரிமை கேட்டுத்தான்.

ஸ்தேனிஸ் ரோமுக்காகப் பன்னிரண்டு வருடம் சண்டை போட்டவன். அதில் ஒரு காது போனது. குடியுரிமை கேட்டபோது, “மூஞ்சியப் பாரு, நீ ரோமனாடா?” என்று சிரித்தார்கள். ஈட்டியை அவர்கள் பக்கமே திருப்பினான். இன்று பனியில் தன் படையைத் தொலைத்துவிட்டு அலைந்தவன், இந்த முகாமின் காவல்காரர்களிடம் மாட்டிக்கொண்டான்.

வரிசையில் பேசினால் உதை. காவல்காரர்களும் பேசவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த நூற்றுவர் தலைவன் ஸ்தேனிஸை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஐந்து விரலை விரித்தான்.

ஸ்தேனிஸின் உதட்டில் ‘பொ’ வந்து நின்றது. அதை விழுங்கினான்.

“குவின்குவே.”

தலைவனின் புருவம் உயர்ந்தது. “பேர் என்னடா?” என்று லத்தீனில் கேட்டான்.

“ஔலுஸ் வேகிலியுஸ் ஐயா. ரோம்ல சுபூராப் பக்கம். மீன் கடைக்கு மேல மூணாவது மாடி.”

“சுபூராவா! அங்க என்ன விசேஷம்?”

“தெருவுல போனா மேலேர்ந்து எவனாவது மூத்திரச் சட்டியைக் கவுப்பான் ஐயா. மழைன்னு நெனச்சிக்கிட்டு நடந்துரணும்.”

தலைவன் சிரித்தான். ஸ்தேனிஸுக்குத் தைரியம் வந்தது.

“இந்த மலைக்காரனுங்க பேச்சு உனக்குத் தெரியுமா?”

“அது பேச்சா ஐயா? ஆடு தும்மினா அப்படித்தான் கேக்கும்.”

பக்கத்தில் நின்ற சிப்பாய் பல்லைக் கடித்தான். சிரிப்பை அடக்குகிறான் என்று ஸ்தேனிஸ் நினைத்துக்கொண்டான்.

“அவனுங்களையும் ரோமன்னு சொல்லணுமாமே?”

“கழுதைக்கு டோகா சுத்திவிட்டா செனட்டுல உக்காந்துருமா ஐயா?”

“நல்லாச் சொன்ன போ!” தலைவன் மேசையைத் தட்டினான். “சரி, அப்படி ஒருத்தன் நம்ம கையில சிக்கினா என்ன பண்ணலாம்? நீயே சொல்லு.”

ஸ்தேனிஸ் ஒரு கணம் தன் ஊரையும் தம்பிகளையும் நினைத்தான். பிறகு கழுத்தை நினைத்தான்.

“இதுல யோசிக்க என்ன ஐயா இருக்கு? எதிரி எதிரிதான். நின்ன எடத்துலயே தலைய எடுத்துரணும்.”

“கெஞ்சினா?”

“கெஞ்சத்தான் செய்வான். எந்த பாஷையில வேணா கெஞ்சுவான். காதுலயே வாங்கக் கூடாது.”

தலைவன் எழுந்து வந்து அவன் தோளில் தட்டிக்கொடுத்தான். ஸ்தேனிஸுக்கு மூச்சு சீராக வந்தது. இத்தனை வருடத்தில் முதல் முறையாக ஒருவன் தன்னை ரோமன் என்று நம்புகிறான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தலைவன் சிப்பாய் பக்கம் திரும்பினான். ஸ்தேனிஸின் அம்மா அவனைத் திட்டுகிற அதே மலைமொழியில் சொன்னான்:

“இவன் அசல் ரோமன்டா, அவன் சொன்னபடியே செஞ்சிரு.”