பெரியவர் பாணி

"தம்பியா அவன்? அண்ணன் மூச்சையே அமுக்குறான்யா" என்றார் இராமலிங்கம்.

திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். ஊர்ச் சபாவுக்குச் செயலாளர். எவர்சில்வர் குடத்தைத் தட்டிப் பார்த்தே எத்தனை கட்டை சுருதி என்று சொல்லிவிடுவார் என்று அவருக்கு ஒரு பேர். அந்தப் பேரைக் கிளப்பிவிட்டதும் அவரேதான்.

அவருடைய கோபம் அடிஅண்ணாமலை சகோதரர்கள் மேல். சரியாகச் சொன்னால், தம்பி மேல். அண்ணன் பலராமன், தம்பி அர்ஜுனன், இருபத்தைந்து வருஷமாக ஜோடி நாயனம். பலராமன் காம்போதி எடுத்தால் சுவாமி தூக்குகிறவர்களுக்குத் தோள் வலி தெரியாது என்பார்கள்.

ஆனால் இரண்டு வருஷமாக எந்தக் கச்சேரியிலும் தம்பி நாயனம்தான் கேட்கிறது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து விரலை அசைக்கிறார். சத்தம் வெளியே வருவதே இல்லை.

ரேடியோவில் தனியாக வாசிக்கக் கூப்பிட்டும் அர்ஜுனன் போகவில்லையாம். அண்ணன் பேர் கூட இல்லாவிட்டால் சாயம் வெளுத்துவிடும் என்ற பயம்தான் என்று அதற்கும் இராமலிங்கம் விளக்கம் வைத்திருந்தார்.

அந்த வருஷம், எழுபத்தெட்டில், பங்குனி உத்திரக் கச்சேரிக்கு வெற்றிலை பாக்கு வைக்கப் போனவர் அர்ஜுனனிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

"அண்ணனை ஒரு ராகமாச்சும் தனியா வாசிக்க விடேன்ப்பா. ஜனங்க ஆசைப்படுறாங்க."

"ஜோடியில எந்த நாயனம் கேட்டா என்னங்க? பேரு ஒண்ணுதானே" என்றார் அர்ஜுனன்.

எவ்வளவு திமிர் என்று இராமலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனை மேடையில் வைத்துத்தான் மடக்க வேண்டும் என்று பொருளாளர் ஆதிமூலத்திடம் சொன்னார். பொன்னாடையும் ஒன்றுதான் வாங்கினார்.

உத்திரத்தன்று சாயங்காலம் பந்தல் நிறைய ஜனம். சகோதரர்கள் மேடையில் உட்கார்ந்து சுருதி சேர்த்ததும் இராமலிங்கம் மைக்கைப் பிடித்தார். பெரியவர் பலராமனுக்குப் பொன்னாடை போர்த்தினார். இன்றைக்குப் பெரியவர் தனியாகக் காம்போதி வாசிப்பார், தம்பி சற்றுக் கீழே இறங்கி நம்மோடு உட்கார்ந்து கேட்கட்டும் என்று அறிவித்தார்.

கைதட்டல் ஓயவே இல்லை. பலராமன் முகம் வெளுத்துப் போயிற்று. மனிதர் சந்தோஷத்தில் திக்குமுக்காடுகிறார் என்று இராமலிங்கம் எடுத்துக்கொண்டார்.

அர்ஜுனன் அண்ணனை ஒரு தரம் பார்த்தார். நாயனத்தை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். ஜனங்களோடு உட்காரவில்லை, விறுவிறுவென்று பந்தலுக்குப் பின்னால் போய்விட்டார்.

"ரோஷத்தைப் பாரு" என்றார் ஆதிமூலம்.

பலராமன் ஊதுகிற சீவாளியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். தவில் வேணுவும் என்றைக்கும் இல்லாமல் இரண்டு சுற்று கூடுதலாகத் தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் பலராமன் நாயனத்தை உதட்டில் வைத்தார்.

காம்போதி பொங்கிக்கொண்டு வந்தது.

இராமலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். தலை தானாக ஆடியது. "கேட்டியா ஆதிமூலம்? இதான் பெரியவர் பாணி. இந்தக் கமகம் ஏழு ஜென்மம் எடுத்தாலும் தம்பிக்கு வராது" என்றார். ஆதிமூலத்துக்குச் சங்கீதம் தெரியாது. தெரிந்தவர் சொல்கிறாரே என்று அவரும் தலையை ஆட்டினார்.

ராகம் முடிந்தபோது பாதிப் பந்தல் எழுந்து நின்றது. இராமலிங்கம் மேடைக்கு ஓடினார். தம்பி எழுந்து போனதும் அண்ணன் நாயனம் எப்படிப் பேசியது பார்த்தீர்களா என்று மைக்கிலேயே கேட்டார். ஜனங்கள் சிரித்தார்கள். பலராமன் குனிந்த தலை நிமிரவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். அர்ஜுனன் முகத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று, மேடைப் படுதாவை விலக்கிக்கொண்டு பின்பக்கம் போனார்.

படுதாவை ஒட்டினாற்போல, அண்ணன் முதுகுக்கு நேர் பின்னால், தரையில் அர்ஜுனன் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கன்னம் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. நாயனத்திலிருந்து சீவாளியைக் கழற்றி எச்சிலை உதறிக்கொண்டிருந்தார்.



"அண்ணனுக்கு மார்ல கோளாறுங்க. ஊதினா உயிருக்கே ஆபத்துன்னுட்டார் டாக்டர்" என்றார் அர்ஜுனன் மெதுவாக. "ரெண்டு வருஷமா அவர் சீவாளியில மெழுகு வெச்சு அடைச்சிருக்குது. வெளியில தெரிஞ்சா அன்னைக்கே செத்துடுவேன்னு சொல்லிட்டாரு."

இரண்டு வருஷமாகக் கடையில் உட்கார்ந்து பேசியதெல்லாம் இராமலிங்கத்துக்கு ஞாபகம் வந்தது. கடைசியாக மைக்கில் பேசியதும்தான். கூனிக் குறுகிப் போனார். ஜனம் கலைவதற்குள் போய் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லிவிடலாம் என்று திரும்பினார்.

அர்ஜுனன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்க. தம்பி அமுக்குறான்னே ஊர் பேசட்டும். அப்பத்தான் அண்ணன் இன்னும் ஊதுறார்னு அர்த்தம்."