பந்தி வரைக்கும்

டாக்டர் சிங்காரவேலுவின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஸ்கேன் படம் வந்தபாடில்லை.

"என்னய்யா இது? தலையில அடிபட்ட ஆளை வெளியில படுக்க வச்சுட்டு, நான் இந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்!"

ஓடிவந்த இளவழகனுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவன் பொறுப்பு. "இதோ பார்த்துடறேன் சார்" என்று அறை வாசல் பெஞ்சிலேயே லேப்டாப்பை விரித்தான்.

பெஞ்சின் மறுமுனையில் தர்மாம்பாள் உட்கார்ந்திருந்தாள். ஸ்ட்ரெச்சரில் கிடக்கிற வீரையனின் மனைவி. திருத்துறைப்பூண்டிப் பக்கம், கொள்முதல் நிலையத்தில் மழைக்குப் பயந்து நெல்மூட்டைகளை அடுக்கிய அட்டியில் ஏறித் தார்ப்பாய் இழுத்துப் போட்டவர், வழுக்கித் தலைகுப்புற விழுந்துவிட்டார்.

மண்டைக்குள் ரத்தம் எங்கே கட்டியிருக்கிறது என்று பார்த்தால்தான் டாக்டர் கத்தியை எடுக்க முடியும். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. எடுத்த இடம் தெருவுக்கு அந்தப் பக்கம், பழைய கட்டடம். படம் சர்வர் வழியாகத்தான் இங்கே வரவேண்டும். ஃபிலிமாகப் போட்டுக் கையில் கொண்டுவரலாம் என்றால், அந்த பிரிண்டரும் இதே சர்வரிடம்தான் கையேந்தி நிற்கவேண்டும்.

அந்த சர்வரில் போன மாதம்தான் இளவழகன் ஒரு கைவரிசை காட்டியிருந்தான்.

யார் எந்தக் கோப்பைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க சர்வருக்குள் ஆட்கள் மாதிரி சில உண்டு. த்ரெட் என்பார்கள். முன்பெல்லாம் கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அதே ஆட்கள்தான். இளவழகன் அதை மாற்றினான். வேலை குவிந்தால் ஆட்கள் தானாகக் கூடுவார்கள், குறைந்தால் தானாகக் கலைவார்கள்.

"பந்தி மாதிரி சார். கூட்டம் ஏற ஏற, பரிமாற ஆள் இறங்கிக்கிட்டே இருக்கும். ஒரு இலையும் காத்திருக்காது."

இப்படி டாக்டரிடமே பெருமையடித்திருந்தான். அந்தப் பேச்சு இப்போது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

லேப்டாப்பில், சர்வரின் ஆட்கள் உச்சவரம்பு வரை கூடியிருந்தது தெரிந்தது. அதற்குமேல் ஒருவரைச் சேர்த்தாலும் மெஷினே படுத்துவிடும் என்று அவன் போட்டு வைத்த வரம்பு. அத்தனை பேருக்கும் கை ஒழியாத வேலை. வீரையனின் படம் அவர்களுக்குப் பின்னால் கேட்பாரில்லாமல் நின்றது.

அடப்பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டான். அவன் செய்த ஏற்பாடு கூட்டத்தை மட்டும்தான் பார்க்கும். வந்திருப்பவர் உயிருக்குப் போராடுகிறவரா, பொழுதுபோகாமல் வந்தவரா என்று அதற்குத் தெரியாது. சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். இந்நேரத்தில் அப்படி யார் எதைக் கேட்கிறார்கள்?

பார்த்தான். மருந்துக்கடை, ரத்தம் எடுக்கிற அறை, பில் கவுண்டர், ஒவ்வொரு வார்டிலும் நர்ஸ் மேசை. எல்லா கம்ப்யூட்டரும் ஒரே கோப்பைத்தான் இழுத்துக்கொண்டிருந்தன.

கோப்பின் பெயரைப் படித்ததும் முகம் சுட்டது. தர்மாம்பாளுக்கு அதெல்லாம் புரியப்போவதில்லை. ஆனாலும் லேப்டாப்பைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.

"ஆயிடுமா தம்பி?"

"இதோம்மா. ஆச்சு."

அந்தக் கோப்பை யாரும் தொடமுடியாதபடி அடைத்தான். ஆட்கள் மளமளவென்று கை ஒழிந்தார்கள். உள்ளே டாக்டர் "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று சத்தம் போட்டார். கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, "தியேட்டருக்குக் கொண்டு போங்க, சீக்கிரம்" என்று ஸ்ட்ரெச்சரை விரட்டினார். இளவழகனைத் தாண்டும்போது மட்டும் நின்றார்.

"என்னய்யா ஆச்சு?"

"நெட்வொர்க் பிராப்ளம் சார்."

"நல்லவேளை, நீ இருந்தே" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது அவனுக்கு.

லிஃப்ட் கதவு மூடியது. தர்மாம்பாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி வந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் ஓடி வரலேன்னா எங்க வீட்டுக்காரரு கதி என்ன ஆயிருக்கும் சாமி."

கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. குனிந்துகொண்டான். செருப்பில்லாத அவள் கால்களில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. உள்ளே போனவர் பிழைப்பாரா என்று தெரியாது. வீணாய்ப்போன அந்த நேரத்தால் என்ன கெட்டது என்றும் தெரியாது.

அந்த நேரம் பார்த்து, பக்கத்து வார்டிலிருந்து சிஸ்டர் மெஹராஜ் பேகம் தலையை நீட்டினாள். கையில் சாப்பிட்டு முடிக்காத டிபன் பாக்ஸ்.

"இளவழகன் சார், உங்க கல்யாண வீடியோ நின்னுடுச்சு! பந்தி வரைக்கும்தான் பார்த்தோம். சர்வர்ல போட்டிருக்கேன், எல்லாரும் பாருங்கன்னு காலையில நீங்கதானே குரூப்ல சொன்னீங்க?"

அவன் கைகள் இன்னும் தர்மாம்பாளிடம்தான் இருந்தன. அவள் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"புது மாப்பிள்ளையா தம்பி நீங்க? ரெண்டு பேரும் ஒரு குறையுமில்லாம நல்லா இருக்கணும்."

சொல்லிவிட்டு, பிடித்திருந்த கைகளைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.