முப்பத்தொரு டிக்கெட்

"முப்பத்தொண்ணு! ஒரே மாசத்துல முப்பத்தொரு தப்பு! இவனை வெச்சுக்கிட்டு நான் எப்படிம்மா குப்பை கொட்டறது?"

டீம் லீடர் கம்ப்யூட்டர் திரையைத் தட்டிக் காட்டினார். எதிரே நின்றவர் டெஸ்டர், ஆபீஸுக்கே அக்கா. சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடித்து டிக்கெட் போடுவது அவர் வேலை. அந்த இடத்தை எழுதிய புரோகிராமர் யாரோ, அவர் பேர் டிக்கெட்டில் ஏறும்.

முப்பத்தொன்றிலும் ஏறியிருந்தது ஆமையின் பேர். நிதானமாக வேலை செய்கிறவருக்கு லீடர் சூட்டிய பட்டம் அது.

ஒரு ஆளைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. சாயங்காலத்துக்குள் பேர் போக வேண்டும்.

"அவருக்கு ரெண்டு பொண்ணுங்க சார். பெரியவ இப்பதான் காலேஜ் சேர்ந்திருக்கா."

"அதுக்கு? கேட்டா கம்ப்யூட்டர் ஸ்லோம்பான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! நானும்தான் எழுதறேன். என் பேர்ல ஒரு டிக்கெட் இருக்கா, காட்டு!"

"இல்ல சார்."

"ஏன் இல்ல?"

அக்கா மௌஸை வாங்கி, முதல் டிக்கெட்டில் 'ஹிஸ்டரி'யை அழுத்தினார். டிக்கெட்டில் யார் எதை மாற்றினாலும் அங்கே பதிவாகிவிடும். டிக்கெட் போட்டதும் வரும் மெயில் எதையும் திறந்தே பார்க்காத லீடருக்கு இது புதுசு.

அக்கா போட்டபோது அதில் இருந்தது லீடர் பேர். பத்து நிமிஷத்தில் ஆமை அதை எடிட் செய்து தன் பேரைப் போட்டிருந்தார். கீழே ஒரு வரி: 'சாருக்கு வேலை ஜாஸ்தி. நானே சரி பண்ணிடறேன்.'

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"இருபத்தெட்டு உங்களுது சார். எதுக்கு இந்த வேண்டாத வேலைன்னு நானும் கேட்டேன். 'டீமுக்கே தலைவர், பத்து பேர் முன்னாடி அவர் தலைகுனியக் கூடாது'ன்னாரு."

லீடர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். என்றைக்கும் இல்லாத மரியாதை குரலில் வந்தது.

"அக்கா... இந்த ஹிஸ்டரியை அழிக்க முடியுமா?"

"முடியாது சார்."

"யார் யாருக்கு இது தெரியும்?"

"அவருக்கும் எனக்கும்தான் சார்."

லீடர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

மேலிடம் கேட்டது ஒரு பேர்தான். சாயங்காலம் லீடர் அனுப்பியது ரெண்டு.