ஒல்லிக்கு ஒரு வாய்

பெண் பீட்டா மீன்களை ஒரே தொட்டியில் வளர்த்தால், தீனியை ஆளுக்கோர் இடத்தில், ஒரே நொடியில் போட வேண்டும். இல்லையென்றால் அடாவடிக்காரி ஒருத்தியே அத்தனையையும் விழுங்கிவிடுவாள். எங்களிடம் ஐந்து மீன்கள். எனக்கும் என் மனைவிக்குமாக நான்கு கைகள். அதனால் ஐந்தாமவள் ஒல்லி தினமும் பட்டினி. இன்று காலை செடியடியில் சாய்ந்தே கிடந்தாள்.

“இன்னைக்கும் சாப்பிடலன்னா செத்தே போயிடும்ங்க,” என்றாள் மனைவி.

“ஒண்ணு, ரெண்டு, மூணு!”

விரல்களைத் திறந்தோம். தண்ணீரில் ஐந்து வட்டங்கள் விரிந்தன. ஐந்தாவது, எங்கள் கை எதுவும் இல்லாத இடத்தில், செடிக்கு நேர் மேலே. ஒல்லி எழும்பி வந்து கவ்வினாள்.

மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “யாரா இருந்தாலும் சரி, நாளைக்கும் வந்துடுங்க!”

தீனி ஈரம் கோர்க்காமலிருக்க டப்பாவை உடனே மூட வேண்டும். மேசைமேல் அதன் மூடி, யாரும் தொடாமலே, நிதானமாகத் திருகி மூடிக்கொண்டிருந்தது.